வயிற்றில் வைத்த காது

வயிற்றுப் பிள்ளை நலமா என்பதை எங்கள் ஊரில் இரண்டு விதமாக விசாரிப்பார்கள். வீட்டுப் பெண்கள் கர்ப்பிணியிடம் "புள்ள நல்லா அசையுதா?" என்பார்கள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளில் மட்டும் கேள்வி மாறும்: "துடிப்பு எப்படி இருக்குதாம்?" முதல் கேள்விக்கு அவளே பதில் சொல்லலாம், அவள் உடம்பு அவளுக்குத் தெரிவித்ததைச் சொல்கிறாள். இரண்டாவது கேள்விக்கு "நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்பதற்கு மேல் அவளால் எதுவும் சொல்ல முடியாது. அந்தச் "சொன்னாங்க" என்ற சொல்லுக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதி நான் பிறந்து வளர்ந்த பழைய வட ஆற்காட்டில், இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் நடந்தது.

கருவின் இதயத்தை மனிதர்கள் அளக்கக் கற்றுக்கொண்ட கதை இது. கருவிகளின் வெற்றிக் கதையாக இதை நான் சொல்லப்போவதில்லை. கருவிகள் எல்லாம் பெண்ணுக்கு எதிரான சதி என்றும் சொல்லப்போவதில்லை. வயிற்றுக்குள் இருக்கும் இதயத்தை உலகம் மேலும் மேலும் நுட்பமாகக் கேட்கத் தொடங்கியபோது, அந்த வயிற்றுக்கு உரியவளிடம் கேட்பது என்ன ஆயிற்று என்பதுதான் என் கேள்வி.

தற்செயலாகக் கேட்ட ஒலி

1816இல் பாரிஸில் ரெனே லென்னக் என்ற மருத்துவர் ஒரு தாள்கட்டைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். நோயாளி இளம்பெண். அவள் மார்பில் நேரடியாகக் காதை வைக்க அவருக்குத் தயக்கம். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது இப்படித்தான்: ஆண் மருத்துவரின் காதுக்கும் பெண்ணின் உடம்புக்கும் நடுவே வைத்த இடைவெளியாக.

கருவின் இதயத்தைக் கேட்டது அதற்குப் பிறகுதான். 1818இல் ஜெனீவாவில் ஃபிரான்சுவா மயோர் என்பவர் கர்ப்பிணியின் வயிற்றில் காதை வைத்து அதைக் கேட்டதாகப் பதிவு இருக்கிறது. லென்னக்கின் கருவியைக் கொண்டு கேட்டவர் கெர்கரதெக். அவர் தேடியது துடிப்பை அல்ல. பனிக்குடத்து நீர் அலம்பும் ஓசை கேட்குமா என்றுதான் குழலை வைத்தார். கேட்டதோ கடிகாரத்தின் டிக்டிக் போன்ற விரைவான இரட்டை ஒலி. 1821இல் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் அதை அறிவித்தபோது, இந்த ஒலி மாறுவதைக் கொண்டு கருவின் நலத்தை அறிய முடியாதா என்ற கேள்வியையும் எழுப்பினார். இன்று ஸ்கேன் அறையில் ஓடும் எந்திரம்வரை எல்லாம் அந்தக் கேள்விக்குத் தேடப்பட்ட பதில்கள்தாம். 1833இல் டப்ளினைச் சேர்ந்த எவரி கென்னடி, கர்ப்பத்தைக் காதால் ஆராய்வது பற்றித் தனி நூலே எழுதினார். 1895இல் அடோல்ஃப் பினார் செய்த குழல், அகன்ற வாயுள்ள சிறு ஊதுகொம்பு போன்றது, இன்றும் பல ஊர்களில் புழக்கத்தில் இருக்கிறது.

இந்த அறிவு தமிழுக்கு வந்த பாதை கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். அவரும் அவருடைய மாணவர்களும் தமிழாக்கிய நூல்களில் முதன்மையானது டப்ளின் மருத்துவர் மான்செல் எழுதிய பிரசவ மருத்துவ நூல். அது 1857இல் வெளிவந்தது. ஆனால் அதைப் படித்துத் தேறியவர்கள் அனைவரும் ஆண்கள். பிரசவம் பார்க்கும் கல்வி தமிழில் அச்சேறியது. அதைக் கற்றவர்களுக்குப் பிரசவ அறைக்குள் இடமில்லை. உள்ளே இருந்தவர்கள் மருத்துவச்சிகள். அவர்களுக்கு அந்த நூல் தரப்படவில்லை.

பெயரில்லாத மூன்று பெண்கள்

வேலூரில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் ஐடா ஸ்கடரின் கதை தெரிந்திருக்கும். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். 1890களின் தொடக்கத்தில், தந்தை மிஷன் மருத்துவராக இருந்த திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆண்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறொரு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். "என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. அந்நிய ஆண் தொடக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அதன்பிறகே தான் மருத்துவம் படிக்க முடிவு செய்ததாக ஐடா பின்னாளில் சொல்லிவந்தார்.

இந்தக் கதையை நாம் ஐடாவின் மனமாற்றமாக மட்டுமே கேட்டுப் பழகியிருக்கிறோம். அந்த மூன்று பெண்களுக்குக் கதையில் பெயர் இல்லை. ஆண் டாக்டர் வரலாமா கூடாதா என்று அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்பதும் கதையில் இல்லை. மூன்று மதம், சாதி ஆண்களின் மானம் பேசியது. தந்தைக்கும் மகளுக்கும் நடுவே ஒரு முடிவு பிறந்தது. வலியில் கிடந்தவர்களின் குரல் எந்தப் பக்கத்திலும் பதிவாகவில்லை.

ஆனாலும் அந்த முடிவிலிருந்து வந்தது பெரிது. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஐடா, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கினார். 1902இல் பெண்களுக்கான ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி வந்தது. 1922இல் அதன் முதல் அணியில் 14 பெண்கள் தேறினார்கள். 1947இல்தான் அங்கே ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், பெண் மருத்துவர் பெண்ணின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் காது வைத்துக் கேட்பதும் இந்த மாவட்டத்தில் அன்றாட வேலையாக இருந்தது. இந்தியாவின் பெரும்பகுதியில் அது அப்போது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

மருத்துவச்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிஷன் எழுத்துகளில் அவர்கள் அழுக்கும் அறியாமையும் கொண்டவர்களாகவே வருகிறார்கள். பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்களான அவர்கள், பிள்ளையின் தலையும் முதுகும் எந்தப் பக்கம் என்று கைகளால் அறிந்தவர்கள். குறுகிய இடுப்பில் சிக்கிய பிள்ளையையோ நிற்காத உதிரப்போக்கையோ அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பது உண்மை. அந்தக் கைகளின் அறிவைக் குழலோடும் கத்தியோடும் சேர்த்திருக்கலாம். பெரும்பாலும் அப்படிச் சேர்க்கவில்லை என்பதும் உண்மை.

குழல் எப்படிக் கேட்டது

பினார் குழலைக் கையாள்வதற்கு ஒரு முறை உண்டு. செவிலி முதலில் இரண்டு கைகளாலும் வயிற்றைத் தடவிப் பிள்ளையின் முதுகு எந்தப் பக்கம் என்று பார்ப்பார். துடிப்பு அங்கேதான் தெளிவாகக் கேட்கும். பிறகு குழலின் அகன்ற வாயை வயிற்றில் பதித்து, குறுகிய முனையில் காதை வைத்து, கையை எடுத்துவிடுவார். ஒரு கை தாயின் மணிக்கட்டு நாடியில் இருக்கும். கேட்பது தாயின் துடிப்பா, பிள்ளையின் துடிப்பா என்று பிரித்தறிய அது தேவை. தாயின் நாடி நிமிடத்துக்கு 80 என்றால் பிள்ளையினுடையது 110க்கும் 160க்கும் நடுவே ஓடும். வலி எடுக்கும் நேரத்தில், ஒரு வலி முடிந்ததும் ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். முதலில் கால் மணி, அரை மணிக்கு ஒரு தரம், முக்கத் தொடங்கிய பின் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம்.

இதற்குக் குனிந்தாக வேண்டும். முகம் வயிற்றருகே வர வேண்டும். தொட்டாக வேண்டும். நாடியில் விரல் வைத்தபடி ஒரு நிமிடம் அங்கேயே இருக்கும் செவிலிக்குத் தாயின் கை சுடுகிறதா, பாதம் வீங்கியிருக்கிறதா, உதடு வெளுத்திருக்கிறதா என்பதெல்லாம் தானாகக் கண்ணில் படும்.

என் அம்மா ஆம்பூருக்குப் பக்கத்தில் வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகம், "அப்பர்" என்பார்களே அதை, ஜோடிக்கு இவ்வளவு என்று கையால் தைத்துக்கொடுத்தவர். என் தம்பி வயிற்றில் இருந்தபோது துணை சுகாதார நிலையத்திலிருந்து கிராம சுகாதார செவிலி வருவாராம். குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "நாள் பூரா குந்தியேவா தைக்கற? காலு பார் எப்படி வீங்கிக்கெடக்குது. மத்தியானம் என்ன சாப்பிட்ட?" என்று வரிசையாகக் கேட்பாராம். "புள்ள சத்தத்த கேக்க வந்தவங்க என் சத்தத்தையும் கேட்டாங்க" என்று அம்மா இப்போதும் சொல்வார். தமிழில் கேட்பது என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்: காதால் கேட்பது, வாயால் கேட்பது. அந்தச் செவிலியிடம் இரண்டும் ஒரே வேலையாக இருந்தன.

காதிலிருந்து காகிதத்துக்கு

குழலின் குறை உண்மையானது. கேட்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. 1958இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஹான், பிரசவம் முழுதும் கருவின் இதயத்துடிப்பை மின்கருவியால் தொடர்ந்து பதியலாம் என்று காட்டினார். உருகுவேயில் கால்டெய்ரோ பார்சியாவும் ஜெர்மனியில் ஹம்மாக்கரும் இதே பாதையில் உழைத்தார்கள். 1960களின் இறுதியில் விற்பனைக்கு எந்திரங்கள் வந்தன. வயிற்றில் இரண்டு பட்டைகள். ஒன்று துடிப்புக்கு, மற்றது வலிக்கு. பக்கத்தில் ஓடும் காகிதத்தில் இரண்டு கோடுகள். நம் ஆஸ்பத்திரிகளில் இதைத்தான் சி.டி.ஜி. என்கிறார்கள்.

வாக்குறுதி பெரிதாக இருந்தது: மூச்சுத்திணறலை முன்கூட்டியே கண்டுபிடித்தால் பிரசவத்தில் இறக்கும் பிள்ளைகளும், மூளை பாதித்துக் கைகால் விளங்காமல் போகும் பிள்ளைகளும் குறைவார்கள். வாக்குறுதியைச் சோதிப்பதற்கு முன்பே எந்திரம் பிரசவ அறைகளில் நிலைபெற்றுவிட்டது. 1985இல் டப்ளினில் ஏறத்தாழ 13,000 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு வெளியானது. தொடர்ந்து எந்திரத்தில் பதிந்த குழுவில், பிறந்த பிள்ளைகளுக்கு வரும் வலிப்பு பாதியாகக் குறைந்தது. அது சிறிய நன்மை அல்ல. ஆனால் இறப்பில் வேறுபாடு இல்லை. நான்கு வயதில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபோது மூளை முடக்குவாதத்திலும் வேறுபாடு இல்லை. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததிலும் இதே முடிவுதான், கூடவே ஒன்று: எந்திரம் கட்டிய பெண்களுக்குச் சிசேரியன் அதிகம். சிக்கலில்லாத பிரசவத்துக்குத் தொடர்ச்சியான சி.டி.ஜி. தேவையில்லை, இடைவெளி விட்டுக் குழலாலோ கையடக்க டாப்ளராலோ கேட்டால் போதும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது.

அப்படியும் எந்திரம் ஏன் போகவில்லை? டப்ளின் ஆய்வில் எந்திரத்துக்கு ஈடாக நின்றது வெறும் குழல் அல்ல. ஒவ்வொரு பெண்ணுக்கும் பக்கத்திலேயே இருந்த ஒரு செவிலி. பத்துப் பெண்களுக்கு இரண்டு செவிலிகள் இருக்கும் பிரசவ வார்டில் கால் மணிக்கு ஒரு தரம் குனிந்து கேட்க ஆள் கிடையாது. எந்திரத்தை ஒருமுறை வாங்கிவிடலாம். செவிலிக்கு மாதாமாதம் சம்பளம் தர வேண்டும். நாளை வழக்கு வந்தால் காகிதம் சாட்சி சொல்லும். செவிலியின் காது சொல்லாது.

என் தங்கையின் பிரசவம் ஒரு தனியார் நர்சிங் ஹோமில். மல்லாக்கப் படுக்கவைத்துப் பட்டை கட்டினார்கள். புரண்டால் கோடு அறுபடும் என்று அசையக்கூட விடவில்லை. மல்லாந்து படுத்தால் நிறைமாத வயிறு முதுகோரத்துப் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். பிள்ளைக்குப் போகும் ரத்தம் குறையும். வலியைக் கூட்ட ட்ரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். கருப்பை இறுகும் ஒவ்வொரு தடவையும் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் வருவது தடைப்படும். வலிகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் பிள்ளை மீளும். மருந்து அந்த இடைவெளியைச் சுருக்கக்கூடியது. சில மணி நேரம் கழித்து, "துடிப்பு குறையுது, உடனே ஆபரேஷன்" என்றார்கள். அவளைப் படுக்கவைத்த விதத்திலும் ஏற்றிய மருந்திலும் அந்தக் கோட்டுக்குப் பங்கு உண்டா என்று யாரும் பேசவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. கையெழுத்து வாங்கியது அவள் கணவரிடம்.

தமிழ்நாட்டுப் பிரசவ அறைகளில் வலியைக் கூட்டும் மருந்து எவ்வளவு வழக்கமாகப் பயன்பட்டது என்பதை மானிடவியலாளர் செசிலியா வான் ஹாலன் 2003இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019–21இல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். இந்திய அளவில் 21.5. இதற்கு எந்திரம் மட்டும் காரணமல்ல. ஆனால் "துடிப்பு குறையுது" என்ற வாக்கியத்துக்கு எதிராக எந்தப் பெண்ணும், எந்த மாமியாரும், எந்தக் கணவனும் ஒரு சொல் பேச முடியாது. உண்மையிலேயே துடிப்பு குறைந்து, அந்த வாக்கியத்தால் பிழைத்த பிள்ளைகளும் நம் தெருக்களில் ஓடுகிறார்கள். அதனால்தான் அது எங்கே உண்மை, எங்கே வசதி என்று கேட்பது இவ்வளவு கடினம்.

இதயம் உழைக்கும் விதம்

எண்ணிக்கையைத் தாண்டி, இதயம் எப்படி வேலை செய்கிறது என்றே பார்க்கும் முறைகள் அடுத்து வந்தன. 1977இல், மறுபடியும் டப்ளினில், ஃபிட்ஸ்ஜெரால்டும் டிரம்மும் தொப்புள்கொடியில் ரத்தம் ஓடும் வேகத்தை அல்ட்ராசவுண்டால் அளந்தார்கள். ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் மாற்றத்தைக் கொண்டு வேகத்தை அறிவதே டாப்ளர் முறை. நஞ்சுக்கொடி நன்றாக இருந்தால் இதயம் இறுகும்போதும் தளரும்போதும் ரத்தம் முன்னோக்கியே ஓடும். நஞ்சுக்கொடி பழுதானால் தளரும் நேரத்தில் ஓட்டம் நின்றுபோகும். மோசமானால் பின்னோக்கித் திரும்பும். 1990களில் நார்வேயின் கீசருட் கருவின் ஈரலருகே உள்ள சிறு சிரை வழியாக இதயத்தின் களைப்பைப் படிக்கலாம் என்றார். 1995இல் ஜப்பானின் சூவா டெய் ஓர் அளவுகோலைத் தந்தார்: இதயம் ரத்தத்தைத் தள்ளாமல் இறுகவும் தளரவும் மட்டும் செலவிடும் நேரத்தை, ரத்தத்தைத் தள்ளும் நேரத்தால் வகுப்பது. களைத்த இதயத்தில் இந்த எண் ஏறும். பெரியவர்களுக்காக வந்த இந்த அளவுகோலைப் பின்னர் கருவுக்கும் பயன்படுத்தினார்கள்.

இவற்றுள் தொப்புள்கொடி டாப்ளர், சிக்கலான கர்ப்பங்களில் பிள்ளை இறப்பைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. டெய் எண் இன்னும் பெரும்பாலும் ஆய்வறை அளவிலேயே நிற்கிறது.

இந்த அளவீடுகள் காட்டும் ஒன்றைப் படித்தபோது எனக்கு எங்கள் சமையலறைதான் நினைவுக்கு வந்தது. நஞ்சுக்கொடி வழியே வருவது குறையும்போது கரு ரத்தத்தைப் பங்கீடு செய்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் முதலில். சிறுநீரகம், குடல், கைகால்களுக்கு மிச்சம். அதனால்தான் பனிக்குட நீர் குறைகிறது, பிள்ளை அசைவைக் குறைத்துக்கொள்கிறது. அரிசி குறைந்த வீட்டில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியைத் துடைத்துச் சாப்பிடும் பெண்ணின் வயிற்றுக்குள், இன்னொரு பங்கீடு நடக்கிறது. ஸ்கேன் அறிக்கை இரண்டாவது பங்கீட்டை மட்டும் எழுதும். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை என்பது வேறொரு அரசாங்க அறிக்கையில், வேறொரு பக்கத்தில் இருக்கும்.

தொழிற்சாலைக்குள் யார் கேட்பது

எங்கள் பகுதியில் அளவீடுகளுக்குப் பஞ்சமில்லை. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் மீது வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானது பற்றி அதில் வருகிறது. கிணறுகளும் குடிநீரும் வருகின்றன. நிலத்தை அளந்தார்கள், நீரை அளந்தார்கள். அந்த நீரைக் குடித்துப் பிள்ளை சுமந்தவர்களின் உடம்பை அப்படி அளந்து நீதிமன்றத்தில் வைத்தவர் இல்லை.

இன்று ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தையல் எந்திரங்களின் முன்னாலும் பசை பூசும் மேசைகளின் முன்னாலும் பெரும்பாலும் பெண்கள். கம்பெனிப் பட்டியலில் பெயர் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. என் அம்மாவைப் போல வீட்டில் தைப்பவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களுக்கு ஒரு வாரமும் இல்லை.

காம்பியா நாட்டில் நடந்த ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். வயலில் வேலை செய்யும் 92 கர்ப்பிணிப் பெண்களை ஆய்வாளர்கள் ஆஸ்பத்திரிக்கு வரவழைக்கவில்லை; வேலை நடக்கும் இடத்துக்கே கருவியோடு போனார்கள். வெயிலில் உழைக்கும்போது கருவின் துடிப்பையும் தொப்புள்கொடி ஓட்டத்தையும் அளந்தார்கள். 2022இல் வெளியான முடிவு: வெப்ப அழுத்தம் ஒரு பாகை ஏற ஏற, கரு திணறும் வாய்ப்பு 17 விழுக்காடு கூடுகிறது. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்து 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்குக் கருச்சிதைவு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், மின்விசிறிக்கு அடியில், அரை மணி ஓய்வுக்குப் பிறகு எடுக்கும் சி.டி.ஜி. இதைக் காட்டாது. காம்பியாவில் அளந்தது கருவின் இதயத்தைத்தான். ஆனால் அது சாட்சி சொன்னது தாயின் வேலைநேரத்தைப் பற்றி, வெயிலைப் பற்றி. வேலூர் மே மாத வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அப்படி ஒரு சாட்சியம் வாங்க இங்கே யாராவது வந்தால், "வேறு டாக்டரைப் பாருங்கள்" என்பது பதிலாக இருக்க முடியாது. வேலையை மாற்ற வேண்டியிருக்கும்.

துடிப்பு நன்றாக இருந்தும்

கருவின் இதயத்தைக் காட்டிப் பெண்ணை அடக்குவதும் இந்த வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், இதயத்துடிப்பு தெரிந்துவிட்டால், ஏறத்தாழ ஆறு வாரத்தில், கருக்கலைப்பு கூடாது என்றது. அந்த வாரத்தில் முழுதாக உருவான இதயமே இல்லை. சேர்ந்து துடிக்கும் செல்கள் மட்டுமே. கெர்கரதெக் தேடிய நலத்தின் அறிகுறி, இங்கே ஒரு பூட்டாக மாறியது.

நம் ஊரில் நடந்தது வேறு. வேலூருக்கு மேற்கே கே.வி.குப்பம் ஒன்றியத்தில் 12 கிராமங்களில் கர்ப்பிணிகளையும் பிறந்த பிள்ளைகளையும் தொடர்ந்து கண்காணித்த சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஏபல், பார்பரா மில்லர் ஆகியோரின் கட்டுரை 1992இல் வெளிவந்தது. 12இல் ஆறு கிராமங்களில் பெண் சிசுக்கொலை நடந்திருந்தது. வயிற்றில் துடிப்பு சரியாக இருந்த, உயிரோடும் நலத்தோடும் பிறந்த பெண் பிள்ளைகள் அவர்கள். பிறப்புக்கு முந்தைய நலத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், பிறப்புக்குப் பிந்தைய உலகம் அதை ஒரே நாளில் இல்லாமலாக்கும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம். அதே சாபு ஜார்ஜ், செஹாத், மாசூம் அமைப்புகளோடு சேர்ந்து 2000இல் உச்ச நீதிமன்றம் போனார். பாலினம் அறியும் சோதனையைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தை அரசுகள் உண்மையிலேயே செயல்படுத்த வேண்டும் என்ற அந்த வழக்குக்குப் பின்னர்தான், 2003இல் சட்டம் இறுக்கப்பட்டது. ஸ்கேன் அறையின் சுவரில் நாம் பார்க்கும் எச்சரிக்கைப் பலகைக்குப் பின்னால் எங்கள் ஊர்க் கிராமங்களின் கணக்கும் இருக்கிறது.

இரண்டு கேள்விகளும் வேண்டும்

"அப்படியானால் பழைய காலத்துக்குப் போகச் சொல்கிறீர்களா?" என்று மாணவிகள் கேட்பதுண்டு. இல்லை. தாயின் சொல்லை மட்டும் நம்பினால் போதும் என்றும் சொல்ல முடியாது. 1976இல் கார்டிஃபில், பிள்ளை ஒரு நாளில் பத்து முறை அசைகிறதா என்று பெண்களே எண்ணிக் குறிக்கும் முறை வந்தது. பெண்ணின் அறிவுக்கு மருத்துவம் தந்த அரிய மரியாதை அது. ஆனால் அசைவுக் குறைவை முன்வைத்து பிரிட்டனில் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2018இல் வந்தபோது, வயிற்றில் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை என்றே தெரிந்தது. எந்த ஒற்றை அளவும் போதாது. பெண்ணின் எண்ணிக்கையும் அதற்கு விலக்கல்ல.

நான் கேட்பது, ஒன்றைக் கேட்கும்போது மற்றதை விட்டுவிடக் கூடாது என்பதை மட்டும். அசைவு குறைந்தது என்று ஒரு பெண் சொன்னால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று அனுப்பாமல் அன்றே டாப்ளர் வைத்துப் பார்க்க வேண்டும். துடிப்பு குறைகிறது என்று எந்திரம் சொன்னால், முதலில் அவளை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, ஏறும் மருந்தை நிறுத்தி, ஒரு செவிலி குனிந்து கேட்டுவிட்டு, அவளிடம் அவள் மொழியில் சொல்லி, அவள் கையெழுத்தை வாங்க வேண்டும். கர்ப்பிணி நலத்தின் பதிவேட்டில் துடிப்புக்கு ஒரு கட்டம் இருப்பதைப் போல, நாளுக்கு எத்தனை மணி நேரம் வேலை, உட்கார்ந்தா நின்றா, எவ்வளவு வெயில், கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்பதற்கும் கட்டங்கள் வேண்டும். ஒவ்வொரு பிரசவ வார்டிலும் எத்தனை எந்திரம் என்பதை விட எத்தனை செவிலி என்று நாம் கேட்க வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் அப்பர் தைக்கும் பெண்களின் பெயர் ஏதாவது ஒரு பட்டியலில் ஏற வேண்டும். மகப்பேறு விடுப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

இவற்றில் ஒன்றுக்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. துணை சுகாதார நிலையத்திலிருந்து நடந்து வந்த ஒரு செவிலி, ஒரு குழலையும் நான்கு கேள்விகளையும் கொண்டு இதில் பாதியை என் அம்மாவுக்குச் செய்திருக்கிறார்.